அத்தியாயம் 4: நைரோபி – ஒரு நாளைக்கு ஒரு திசை

கென்யாவுக்குச் சுற்றுலா போகிற பலருக்கு நைரோபி என்பது தூங்கி எழும் இடம், அவ்வளவுதான். இரவு வந்து இறங்குவார்கள், விடிந்ததும் மசாய் மாராவுக்கு வண்டி ஏறிவிடுவார்கள். ஏஜென்டுகள் போட்டுத் தரும் திட்டங்களும் இப்படித்தான் இருக்கும். அந்தத் திட்டத்தில் இன்னும் மூன்று நாள் சேர்க்கச் சொல்லுங்கள். நகர எல்லைக்குள்ளேயே சிங்கமும் காண்டாமிருகமும் உலவும் தேசியப் பூங்கா இருக்கிறது. அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழைய சிறுவன் ஒருவனின் எலும்புக்கூடு இருக்கிறது. நடந்து களைக்கக் காடு இருக்கிறது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

ஆனால் இந்த ஊரில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. வடமேற்கில் இருக்கும் வெஸ்ட்லண்ட்ஸிலிருந்து தென்மேற்கில் இருக்கும் கேரனுக்கு 18 கிலோமீட்டர் அளவுதான். ஞாயிறு காலையில் அரை மணியில் போய்விடலாம். வெள்ளி மாலையில், மழையும் சேர்ந்துகொண்டால், இரண்டு மணி நேரம் பிடிக்கும். ரவுண்டானாக்களில் சிக்னல் விளக்கு பச்சை காட்டும். நடுவில் நிற்கும் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்துவார். எல்லா வண்டியும் அவர் கையைத்தான் பார்க்கும். காலை 6.30 முதல் 9.30 வரையிலும் மாலை 4.30 முதல் 8 வரையிலும் ஊரைக் குறுக்கே கடக்கத் திட்டம் போடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டால் நைரோபி எளிய ஊர். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மூட்டை கட்டும் முன்

விசா என்ற பழைய நடைமுறை 2024 ஜனவரியோடு போய்விட்டது. இப்போது மின்னணுப் பயண அனுமதி. கென்ய அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, வந்த கடிதத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு மூன்று நாள் முன்னால் விண்ணப்பித்தால் போதும் என்பார்கள். இரண்டு வாரம் வைத்துக்கொள்வது நல்லது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கென்யாவில் உங்களிடம் கேட்காமலும் போகலாம். திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் கேட்பார்கள். அட்டை இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

பிளாஸ்டிக் கேரி பேக் எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் அதற்குத் தடை. சட்டப்படி அபராதம் 40 லட்சம் ஷில்லிங் வரைக்கும், சிறை நான்கு ஆண்டு வரைக்கும் போகலாம். சுற்றுலாப் பயணி யாரையும் இதற்காக உள்ளே போடப் போவதில்லை, ஆனால் விமான நிலையத்தில் பையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அம்மா முறுக்கையும் பருப்புப் பொடியையும் கட்டித் தரும்போதே துணிப்பையிலோ டப்பாவிலோ போடச் சொல்லிவிடுங்கள். தொழிற்சாலையில் அடைத்து வந்த பாக்கெட்டுகளுக்குத் தடை இல்லை.

ஸ்வெட்டர் கட்டாயம். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்று அரைக்கைச் சட்டையோடு போய் நடுங்குகிறவர்கள் உண்டு. நைரோபி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நாளெல்லாம் மேகமூட்டம், இரவில் நல்ல குளிர். மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் சுற்றுவதற்கு உகந்தவை. அக்டோபரில் போனால் ஜக்கராண்டா மரங்கள் சாலையெங்கும் ஊதாப் பூவைக் கொட்டியிருக்கும். அதற்காகவே சிறுமழையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பிளக், தட்டையான மூன்று முனை கொண்ட பிரிட்டிஷ் வகை. இந்திய பிளக் நுழையாது.

வந்து இறங்கியதும்

ஜோமோ கென்யாட்டா விமான நிலையம் நகர மையத்துக்குத் தென்கிழக்கே 15 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. 2022இல் திறந்த எக்ஸ்பிரஸ்வே, இல்லையென்றால் பழைய மொம்பாசா சாலை. 27 கிலோமீட்டர் நீளமுள்ள எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு பகுதி தூண்களின் மேல் ஓடுகிறது. மேலே போனால் வெஸ்ட்லண்ட்ஸுக்கு 20 நிமிடம். கீழே போனால் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆப்பில் வண்டி பிடித்தால் எக்ஸ்பிரஸ்வேயில் போகலாமா என்று ஓட்டுநரே கேட்பார். சுங்கம் உங்கள் கணக்கு. கொடுத்துவிட்டுப் போங்கள், இந்தப் பயணத்தில் செய்யும் உருப்படியான செலவுகளில் அதுவும் ஒன்று.

விமான நிலையத்துக்கு 34ஆம் எண் மடாட்டுவும் (தனியார் பேருந்து) உண்டு. பெட்டியோடும் புதுமுகத்தோடும் அதில் ஏற வேண்டாம்.

வெளியே வருமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று: சஃபாரிகாம் சிம் வாங்கி, எம்-பெசா கணக்குத் திறப்பது. அசல் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். 2007 மார்ச்சில் தொடங்கிய எம்-பெசாதான் இந்த நாட்டின் மணிப்பர்ஸ். இணையம் இல்லாத பொத்தான் போனிலும் வேலை செய்யும். பெரிய மால் முதல் சோளம் சுடும் அம்மா வரை எல்லோரிடமும் பச்சைப் பலகையில் ஓர் எண் எழுதியிருக்கும். அந்த எண்ணையும் தொகையையும் அடித்தால், பணம் யார் பெயருக்குப் போகிறது என்று திரையில் வரும். பெயரைப் பார்த்து உறுதி செய்த பிறகு ரகசிய எண்ணைப் போடுங்கள். கடைக்காரர் தன் போனுக்குக் குறுஞ்செய்தி வந்ததைப் பார்த்துத் தலையசைத்தால் கணக்குத் தீர்ந்தது. நம் யூபிஐக்குப் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது, ஒருவருக்கொருவர் பணம் அனுப்பினால் இங்கே கட்டணம் உண்டு. சிறு தொகைக்குச் சிறு கட்டணம்தான்.

ரொக்கமும் கொஞ்சம் வேண்டும், குறிப்பாக 50, 100 ஷில்லிங் தாள்கள். ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங்கை ஒட்டிக் கிடைக்கும். மாற்றுவதற்கு டாலர் கொண்டுபோங்கள். புதிய, மடிப்பில்லாத தாள்களாக இருந்தால் பேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார்கள்.

தங்குமிடம்

முதல் முறை போகிறவர்களுக்கு வெஸ்ட்லண்ட்ஸ், அதை ஒட்டிய பார்க்லண்ட்ஸ், இல்லையென்றால் கிலிமானி. மூன்றிலும் கடை, உணவகம், வண்டி எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். பார்க்லண்ட்ஸ் பழைய இந்தியக் குடியிருப்பு. குஜராத்தி மெஸ்ஸும் கோவில் மணியும் பக்கத்திலேயே உண்டு. கேரன் அழகான இடம், பெரிய மரங்களும் பெரிய தோட்டங்களும். ஆனால் மாலையில் ஒரு டீக்கடைக்குப் போவதற்கும் வண்டி பிடிக்க வேண்டும். நகர மையத்தில் விலை குறைவு; இருட்டிய பிறகு அறைக்குள்தான் இருக்க வேண்டியிருக்கும். ரிவர் ரோட்டுப் பக்கத்து லாட்ஜுகள் விலையைக் கேட்டதும் ஆசை காட்டும். வேண்டாம்.

மடாட்டு

நைரோபியின் பேருந்து அரசுடையது அல்ல. 14 இருக்கை வேன்களும் 33 இருக்கை மினி பஸ்களுமாகத் தனியார் ஓட்டும் மடாட்டுகள்தான் ஊரைச் சுமக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்திருக்க வேண்டும். 2004இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த ஜான் மிச்சுக்கி கொண்டுவந்த விதிகளில்தான் சீட் பெல்ட், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பக்கவாட்டில் மஞ்சள் பட்டை எல்லாம் வந்தன. பட்டை இன்னும் இருக்கிறது. மற்றவை வண்டிக்கு வண்டி மாறும்.

பகலில், கையில் சுமை இல்லாமல், ஒரு தடவையாவது ஏறுங்கள். ரொங்காய் போகும் 125, 126 வண்டிகள் அலங்காரத்துக்குப் பேர்போனவை. கால்பந்து வீரரின் முகம், ராப் பாடகரின் முகம், வேத வசனம் எல்லாம் ஒரே வண்டியின் உடம்பில் இருக்கும். உள்ளே ஊதா விளக்கு, கூரையில் டிவி, சீட்டுக்கு அடியில் ஸ்பீக்கர். பாட்டுச் சத்தத்தில் தொடை அதிரும். நடத்துநர் படிக்கட்டில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாகத் தொங்கிக்கொண்டு வருவார். தாள்களை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்குகளில் செருகியிருப்பார். வண்டியின் பக்கத்தில் கையால் தட்டினால் ஓட்டுநருக்கு அதுதான் விசில். கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு காசு கேட்பார். 200 ஷில்லிங் தாள் கொடுத்தால் சில்லறை உடனே வராது. எல்லோரிடமும் வாங்கி முடித்த பின் வரும். மறக்க மாட்டார், நீங்களும் மறக்காதீர்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்குச் சற்று முன்பே "ஷுகிஷா" என்று குரல் கொடுத்தால் நிறுத்துவார்கள். நிறுத்தத்தை இங்கே "ஸ்டேஜ்" என்பார்கள்.

நகருக்குள் கட்டணம் சாதாரணமாக 50 முதல் 100 ஷில்லிங். அலுவலக நேரத்தில் ஏறும். மழை வந்தால் சட்டென்று இரண்டு மடங்காகும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, உள்ளூர்க்காரரும் அதைத்தான் கொடுக்கிறார். ஏறும் முன் "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டால் சண்டையில்லை. 'பெய் கானி?' என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

புதிதாக வந்தவருக்குப் பயன்படும் தடங்கள் சில: ங்கோங் மலைப் பக்கம் 111, கேரன் பக்கம் 24, கவாங்வாரே பக்கம் 46, வெஸ்ட்லண்ட்ஸ் வழியாக 23. ங்கோங், ரொங்காய் வண்டிகளுக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே போக வேண்டும். வெஸ்ட்லண்ட்ஸ் வண்டிகளுக்கு ஓடியன் பக்கம். ஸ்டேஜ்கள் அவ்வப்போது இடம் மாற்றப்படும். எண்ணைச் சொல்லி யாரிடமாவது கேளுங்கள். கேட்கும் முன் "ஹபாரி" என்று நலம் விசாரித்துவிட்டு, பதில் வந்த பின் கேளுங்கள். எடுத்த எடுப்பில் கேள்வியைப் போடுவது இங்கே மரியாதைக் குறைவு.

ஒன்று முக்கியம். ஜன்னலோரம் உட்கார்ந்து கையில் போனை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். நெரிசலில் வண்டி நிற்கும்போது வெளியிலிருந்து ஒரு கை வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். டாக்சியில் போனாலும் இதே கதைதான். கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

டாக்சி, போடா போடா

ஊபர், போல்ட், உள்ளூர் நிறுவனமான லிட்டில் எல்லாம் நன்றாகவே ஓடுகின்றன. இரவு 7 மணிக்கு மேல் எவ்வளவு பக்கமானாலும் இதில்தான் போக வேண்டும். வண்டி உறுதியானதும் ஓட்டுநர் போன் செய்வார். எங்கே போகிறீர்கள், ஆப்பில் எவ்வளவு காட்டுகிறது, ரொக்கமா எம்-பெசாவா என்று கேட்பார். கார்டு என்றால் பலர் ரத்து செய்துவிடுவார்கள். எம்-பெசா என்று சொன்னால் வந்துவிடுவார்கள்.

போடா போடா என்கிற பைக் டாக்சி நெரிசலில் பாம்பு மாதிரி நுழைந்து போகும். வேகம்தான், ஆனால் ஹெல்மெட் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்காது. உள்குடியிருப்புச் சாலைகளில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குப் பரவாயில்லை. பெருஞ்சாலையில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

முதல் நாள்: நடு ஊர், நடந்து

நகர மையத்தைப் பகலில் நடந்தே பார்க்கலாம், அரை நாள் போதும். மோய் அவென்யூவை மனதில் எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேற்கே அலுவலகங்களும் அகலமான நடைபாதைகளும். கிழக்கே டாம் ம்போயா தெரு, ரிவர் ரோடு என்று நெரிசலும் கூச்சலும் மொத்த வியாபாரமும். முதல் நாள் மேற்கிலேயே இருங்கள்.

மோய் அவென்யூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து தொடங்குவது வசதி. பழைய வங்கிக் கட்டிடம் அது. தரைத்தளத்தில் ஜோசப் முரும்பி சேர்த்த ஆப்பிரிக்கக் கலைப்பொருட்கள் இருக்கின்றன. கென்யாவின் இரண்டாம் துணை அதிபர் அவர். தந்தை கோவாக்காரர், தாய் மசாய். பெரிய அருங்காட்சியகத்தைவிட எனக்கு இந்த ஒரு கூடம்தான் பிடித்தது. கூட்டமே இருக்காது, மரச் சிற்பங்களையும் நகைகளையும் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். வெளியே டாம் ம்போயாவின் சிலை. தொழிற்சங்கத்திலிருந்து வந்து அமைச்சரான அவர், 1969 ஜூலை 5 அன்று இதே சாலையில் ஒரு மருந்துக் கடையிலிருந்து வெளியே வந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே சாலையில் தெற்கே நடந்தால் ஹெய்லி செலாசி அவென்யூ முனையில் ஆகஸ்ட் 7 நினைவுப் பூங்கா. 1998இல் அமெரிக்கத் தூதரகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்ட இடம் இது. நைரோபியில் இறந்தவர்கள் 213 பேர். சுவரில் பெயர்கள் செதுக்கியிருக்கிறார்கள். இங்கே ஒவ்வொரு கட்டிட வாசலிலும் பையைத் திறந்து காட்டச் சொல்வதற்கும், வண்டிக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்ப்பதற்கும் காரணம் கேட்டால் இதையும் 2013 வெஸ்ட்கேட் மால் தாக்குதலையும் சொல்வார்கள். சலிக்காமல் பையைத் திறந்து காட்டுங்கள்.

கென்யாட்டா சர்வதேச மாநாட்டு மையத்தின் 28 மாடிக் கோபுரம் 1973இல் கட்டி முடிந்தது. இப்போதைய ஷில்லிங் தாள்கள் எல்லாவற்றிலும் அதன் படம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் மொட்டை மாடிவரை விடுகிறார்கள். காலையிலேயே ஏறுங்கள். தெற்கே தேசியப் பூங்காவின் புல்வெளியும் மேற்கே ங்கோங் மலையும் துல்லியமாகத் தெரியும். மேலிருந்து பார்த்தால் இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்பதும் விளங்கும். 1899இல் மொம்பாசாவிலிருந்து வந்த ரயில் பாதை, மலையேற்றத்துக்கு முன் கிடைத்த கடைசிச் சமவெளியில் சரக்குக் கிடங்கு போட்டது. அந்தக் கிடங்கைச் சுற்றி வளர்ந்ததுதான் நைரோபி. 1905இல் மொம்பாசாவிடமிருந்து தலைநகர் அந்தஸ்து இங்கே வந்தது. பாதை போட பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, 30,000க்கும் மேற்பட்ட கூலிகளைக் கொண்டுவந்தார்கள். சுமார் 2,500 பேர் இறந்தார்கள். ரயிலில் ஆர்வமுள்ளவர்கள் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரயில்வே அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

கடைசியாக பியாஷாரா தெரு. ஒரு காலத்தில் இந்தியக் கடைத்தெருவாக இருந்தது. துணிக்கடைகள் இன்னும் இருக்கின்றன. காங்கா துணி இங்கே வாங்குங்கள். ஜோடியாகத்தான் விற்பார்கள். கீழ்க்கரையில் சுவாஹிலியில் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும். யாருக்கு என்ன வாசகம் கொடுக்கிறோம் என்று பார்த்துத்தான் இங்கே பெண்கள் பரிசளிப்பார்கள். மாமியாருக்கு வாங்கினால் கடைக்காரரிடம் அர்த்தம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நம் முகத்தைப் பார்த்ததும் "முஹிந்தி" என்று அடையாளம் காண்பார்கள். நாலைந்து தலைமுறையாக இங்கே வாழும் இந்திய வம்சாவளியினரை 2017இல் அரசு 44ஆவது பழங்குடியாக அறிவித்தது. ஆனாலும் உயர்ந்த மதிலும் காவல்காரரும் கொண்ட வாழ்க்கையாகத்தான் அவர்களுடையது பெரும்பாலும் இருக்கிறது. பார்க்லண்ட்ஸ் வீட்டிலிருந்து மாலுக்கும் மாலிலிருந்து வீட்டுக்கும் காரிலேயே போய்வந்துவிட்டு "நைரோபி ஆபத்தான ஊர்" என்று திரும்பும் உறவினர்கள் பலர். அவர்கள் பேச்சை அளவோடு கேளுங்கள்.

அதற்காக அசட்டையும் கூடாது. நடு ஊரில் நல்ல ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே கூட நடந்துவந்து, தான் அகதி மாணவன் என்று கதை சொல்லிப் பணம் கேட்பார்கள். கொடுத்தால் சிறிது நேரத்தில் 'போலீஸ்' வந்து உங்களைக் குற்றவாளியாக்கிப் பணம் பறிக்கும். பழைய தந்திரம் இது. நின்று பேசாமல் நடந்துகொண்டே இருப்பதுதான் வழி. அதிபர் மாளிகை, ராணுவம், போலீஸ் இவற்றைப் படமெடுக்காதீர்கள். ஆர்ப்பாட்டம் அறிவித்திருக்கும் நாளில் நடு ஊர்ப் பக்கமே போக வேண்டாம். 2024 ஜூன் 25 அன்று வரி மசோதாவை எதிர்த்துத் திரண்ட இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்தார்கள். அதன் பின் ஜூன், ஜூலை மாதங்களில் இந்த எச்சரிக்கை கூடுதலாகவே பொருந்தும்.

இரண்டாம் நாள்: தென்மேற்கு

இந்த நாளுக்கு மட்டும் வண்டியை நாள் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். விடிகாலை 6 மணிக்கு லங்காட்டா சாலையில் இருக்கும் தேசியப் பூங்காவின் பிரதான வாயிலில் நிற்க வேண்டும். 1946இல் அமைந்த, 117 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பூங்கா இது. கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. மூன்று பக்கம் வேலி, தெற்குப் பக்கம் விலங்குகள் போய்வரத் திறந்திருக்கிறது. கறுப்புக் காண்டாமிருகத்தை இவ்வளவு சுலபமாகப் பார்க்கக்கூடிய இடங்கள் குறைவு. சிங்கம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. யானை இங்கே கிடையாது. நுழைவுக் கட்டணத்தை ரொக்கமாக வாங்க மாட்டார்கள்; அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே கட்டிவிடுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 2020 முதல் பூங்காக்களுக்குள் தடை. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள்.

பூங்காவுக்குள், 1989இல் அதிபர் மோய் 12 டன் தந்தத்தைக் குவித்துத் தீவைத்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. வண்டியை விட்டு இறங்க அனுமதியுள்ள சில இடங்களில் அதுவும் ஒன்று. மற்ற இடங்களில் கதவைத் திறக்கக் கூடாது.

10 மணிக்குள் வெளியே வந்தால் 11 மணிக்கு ஷெல்டிரிக் அறக்கட்டளையின் யானைக் குட்டிகள் காப்பகம். தாயை இழந்த குட்டிகளை இங்கே வளர்த்துப் பிறகு சாவோ காட்டில் விடுகிறார்கள். பார்வையாளர் நேரம் பகல் 11 முதல் 12 வரை ஒரு மணி நேரம்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் குட்டிகள் வரிசையாக ஓடிவரும். காப்பாளர் தூக்கிப் பிடிக்கும் பெரிய பால் பாட்டிலை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு, செம்மண் சேற்றில் போய் விழும். வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் நிற்காதீர்கள். முன்பதிவு இல்லாமல் விட மாட்டார்கள், மாதக்கணக்கில் முன்னதாகவே இடம் தீர்ந்துவிடும். விமான டிக்கெட் எடுத்த அன்றே இதையும் பதிவு செய்யுங்கள்.

பிற்பகலில் ஒட்டகச்சிவிங்கி மையம். உயரமான மேடையில் நின்று தீனியை உள்ளங்கையில் வைத்து நீட்டினால், நீளமான சாம்பல் நிற நாக்கு வந்து சுருட்டிக்கொண்டு போகும். பிள்ளைகள் கூட இருந்தால் தவறவிடக் கூடாது. பெரியவர்கள் மட்டும் என்றால் விட்டுவிடலாம். அதற்கப்பால் கேரன் பிளிக்சன் வாழ்ந்த வீடு. 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' படித்தவர்களுக்கு, படம் பார்த்தவர்களுக்கு மட்டும்.

திரும்பும்போது 4 மணிக்குள் கிளம்புங்கள். தாமதமாகிவிட்டால் கேரனிலேயே இரவு உணவை முடித்துக்கொண்டு 8 மணிக்குப் பிறகு வாருங்கள்.

மூன்றாம் நாள்: வடக்கு

மியூசியம் ஹில்லில் தேசிய அருங்காட்சியகம். பறவைகள் பகுதி, ஜாய் ஆடம்சன் வரைந்த மக்கள் ஓவியங்கள் எல்லாம் நன்றாக இருக்கும். ஆனாலும் நேரே துர்கானா சிறுவனிடம் போங்கள். 1984இல் துர்கானா ஏரியின் மேற்குக் கரையில் கமோயா கிமியு கண்டெடுத்த எலும்புக்கூடு. ஹோமோ எரக்டஸ் காலத்தவர்களில் இவ்வளவு முழுமையாகக் கிடைத்தது வேறில்லை.

மதியம் கரூரா காடு. ஏறத்தாழ 1,000 ஹெக்டேர், ஊருக்குள்ளேயே. 1990களின் இறுதியில் இதை மனை போட்டுப் பங்கிட முயன்றபோது வங்காரி மாத்தாய் மரக்கன்றுகளோடு வந்து நின்றார், அடியாட்களிடம் அடிபட்டார், காடு தப்பியது. 2004இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. செம்மண் பாதை, அருவி, மூங்கில், குரங்குகள். வாயிலில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். பெண்கள் தனியாக ஓடுவதையும் நடப்பதையும் இங்கே சகஜமாகப் பார்க்கலாம். நைரோபியில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் காண்டாமிருகத்தை விட்டுவிட்டு இங்கேதான் அனுப்புவேன்.

சாப்பாடு

சைவர்கள் பார்க்லண்ட்ஸ் டயமண்ட் பிளாசாவில் அடைக்கலம் புகுந்துவிடுவது வழக்கம். மேசையில் உட்கார்வதற்குள் நாலு கடை ஆட்கள் மெனு அட்டையோடு சூழ்ந்துகொள்வார்கள். பஜியாவும் தாலியும் நன்றாகவே இருக்கும். ஆனால் கென்யச் சாப்பாட்டிலேயே சைவம் நிறைய இருக்கிறது. சாலையோரக் கடையை கிபாண்டா என்பார்கள். அங்கே 'சப்பாத்தி–ண்டெங்கு' கேளுங்கள். தடித்த, அடுக்கு விட்ட சப்பாத்தியும் பச்சைப்பயறுக் குழம்பும் வரும். சுகுமா விக்கி, வெங்காயம் தக்காளியோடு வதக்கிய கீரை. கித்தேரி, சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்தது. உகாலி, மக்காச்சோள மாவில் கெட்டியாகக் கிண்டிய களி. கையால் உருட்டி, குழி செய்து, கீரையை அள்ளிச் சாப்பிட வேண்டும். கை வைத்துச் சாப்பிடும் நமக்கு இதில் பாடம் தேவையில்லை. கீரையில் இறைச்சிச் சாறு ஊற்றியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். டீ, பாலோடு கொதிக்கவைத்த டீதான்.

அசைவர்களுக்கு ன்யாமா சோமா. இறைச்சியைக் கிலோ கணக்கில் சொல்ல வேண்டும். சுட்டு முடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். மரப்பலகையில் வைத்துக் கண்ணெதிரே வெட்டி, ஓரத்தில் உப்பைக் குவித்து, கச்சும்பாரியோடு தருவார்கள். பசித்த பிறகு போகாதீர்கள். மாலையில் தெருமுனையில் கரியில் சுட்ட சோளம், எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்து, அப்படியே மெரினா.

குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

மொம்பாசா ரயில்

2017இல் ஓடத் தொடங்கிய மடராக்கா எக்ஸ்பிரஸ் மொம்பாசாவுக்கு ஐந்து முதல் ஆறு மணி நேரத்தில் போகிறது. புறப்படும் நிலையம் நடு ஊரில் இல்லை. விமான நிலையத்தைத் தாண்டி சியோகிமாவில் இருக்கிறது. பழைய மத்திய நிலையத்திலிருந்து அங்கே இணைப்பு ரயில் உண்டு, அதுதான் நம்பகமான வழி. நிலையத்தில் பெட்டிகளை வரிசையாகத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள், மோப்ப நாய் வரும். ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள். டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் எண் வேண்டும், பணம் எம்-பெசாவில். விடுமுறை நாட்களில் சட்டென்று தீர்ந்துவிடும். நைரோபியில் மலேரியா பயம் குறைவு. மொம்பாசாவில் அப்படியில்லை, மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துச் செல்லுங்கள்.

கிளம்பும் நாள்

நேரத்தில் ஒரு குழப்பம் வரும். சுவாஹிலியில் நேரம் சொல்லும்போது காலை 7 மணியை முதல் மணி என்று எண்ணுவார்கள். ஓட்டுநர் சுவாஹிலியில் மூன்று மணி என்றால் நம் கடிகாரத்துக்கு அது 9. மறுநாள் வண்டி பேசும்போது ஆங்கிலத்தில் திரும்பக் கேட்டு, போனில் அடித்துக் காட்டி உறுதி செய்யுங்கள்.

விமான நிலைய வளாகத்துக்குள் நுழையும் இடத்திலேயே எல்லோரையும் வண்டியை விட்டு இறக்கி, ஸ்கேனர் வழியாக நடக்கவிடுவார்கள். ஓட்டுநர் வண்டியோடு வேறு வழியில் வந்து அந்தப் பக்கம் ஏற்றிக்கொள்வார். பாஸ்போர்ட்டும் போனும் கையில் இருக்கட்டும், வண்டி எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எம்-பெசாவில் மிச்சமிருக்கும் பணத்தை முந்தின நாளே ஏஜென்டிடம் எடுத்துவிடுங்கள், நாட்டை விட்டு வந்த பின் அதை மீட்பது பெரும்பாடு. விமானம் இரவு 9 மணிக்கு என்றால் வெஸ்ட்லண்ட்ஸிலிருந்து 4 மணிக்குக் கிளம்பி எக்ஸ்பிரஸ்வேயில் போங்கள். வெள்ளிக்கிழமையானால் 3 மணிக்கு.